படத்தைப் படிப்பவர் யார்?

கோயிலுக்கும் பட்டுக்குமாகக் காஞ்சி மாநகருக்கு வருவோர் தினமும் ஆயிரக்கணக்கானவர். அவர்களில் வேகவதியைக் கடந்து திருப்பருத்திக்குன்றம் வரை செல்வோர் மிகச் சிலரே. ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற அவ்வூரின் திரைலோக்கியநாதர் ஆலயத்தில், இரண்டாம் புக்கராயரின் மந்திரி இருகப்பர் 1387-ல் கட்டுவித்த சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் மேல்விதானத்தில் பிற்காலத்தார் தீட்டிய சித்திரங்களில் அரசர்களும் யானைகளும் மாதர்களும் வரிசை வரிசையாகச் செல்கின்றனர். ஜைன புராணம் அறியாதவன் கண்ணுக்கு அது ஓர் ஊர்வலம். அறிந்தவன் கண்ணுக்கோ ரிஷபதேவர், வர்த்தமானர் முதலிய தீர்த்தங்கரர்களின் சரித்திரம் அங்கே விரிகிறது. இருவர் பார்ப்பதும் ஒரே வர்ணந்தான், ஒரே கோடுதான். இச்சித்திரங்களைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பொருள் கண்ட டி. என். ராமச்சந்திரன் அவர்களின் ஆங்கில நூலைச் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலை 1934-ல் வெளியிட்டது. அதே வருஷத்தில், அதே சென்னையில், பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே வைத்தியத்துக்கென்று பர்னார்டு நிலையமும் ஏற்பட்டது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும் படத்தைப் படிப்பது ஒரு தனி வித்தை என்பதற்கு இரண்டுமே சாட்சி.

இன்று காஞ்சி நெசவாளர் வீடுகளுக்கு வேறு வகைப் படங்கள் வந்து சேருகின்றன. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த இளைஞன் ஒருவனுக்குத் திடீரென்று கை இழுக்கிறது, வாய் கோணுகிறது, பாவின்மேல் சாய்ந்து விடுகிறான். அடுத்த வீட்டார் ஓடி வந்து சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். ‘காக்காய் வலிப்பு’ என்ற சொல் தெருக்கோடி வரை போய்விடுகிறது. மந்திரிப்பவர், கயிறு கட்டுபவர் எல்லாரையும் பார்த்தான பிறகு ஆஸ்பத்திரி. அங்கே மூளையை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தாயிற்று. பெரிய உறை ஒன்றில் கறுப்புத் தகடும், அதனுடன் ஆங்கிலத்தில் நாலு வரியும் வீடு வந்து சேருகின்றன. தகப்பனார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். உள்ளே அவருடைய மகனுடைய மூளை துண்டு துண்டாகத் தெரிகிறது. ஓர் இடத்தில் மிளகளவு ஒரு வெள்ளை வளையம். அது என்ன? கட்டியா, புழுவா, க்ஷயமா, ஒன்றுமில்லாததா? பிள்ளைக்குக் கலியாணம் ஆகுமா? மறுபடியும் தறியில் உட்காரலாமா?

இவ்வீடு ஒன்றன்று என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அந்த வளையத்தைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம். மூளைப் படத்தை எடுப்பது யந்திரம். அதைப் படிப்பது மனிதன். அம்மனிதன் எந்தத் தேசத்து நோயை மனத்தில் வைத்துப் படிக்கிறான் என்பதைப் பொறுத்து நோயாளியின் கதி மாறிவிடுகிறது. இதை நமக்குக் கற்பித்த ஊர் காஞ்சிக்கு மேற்கே பக்கத்திலேயே இருக்கும் வேலூர்.

முதலில் படம் உண்டாகும் விதத்தைச் சிறிது சொல்லி விடுவோம். சாதாரண எக்ஸ்-ரேயில் முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேலொன்றாக விழுந்து, மண்டையோட்டின் நிழலில் மூளை மறைந்து போகும். ஹவுன்ஸ்பீல்டு என்ற ஆங்கிலேயர் கதிரைத் தலையைச் சுற்றிப் பல கோணங்களில் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் தடைபட்டது என்று அளந்து, அந்த எண்களைக் கணித யந்திரத்தில் இட்டு, தலையின் ஒரு குறுக்குத் துண்டைப் படமாக மீட்டார். 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் நோயாளியின் மூளை இவ்விதம் படமெடுக்கப்பட்டது. அக்காலத்துப் படத்தில் குறுக்கே 80, நெடுக்கே 80 கட்டங்கள்தாம். கட்டத் தாளில் புட்டா வரைந்து அதைப் பட்டில் இறக்கும் காஞ்சித் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கட்டம் பெரிதானால் மயிலுக்கும் அன்னத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

எண்களிலிருந்து படத்தை மீட்கும் அந்தக் கணிதத்தில் நம்மவர் பங்கும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிக ஆராய்ச்சியை உலகறியச் செய்த ஜி. என். ராமச்சந்திரனும், ஏ. வி. லக்ஷ்மிநாராயணனும் அதே 1971-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முன் நீண்டு கிடந்த கணக்கைச் சுருக்கி, விரைவில் படம் பெறும் வழியை அவர்கள் காட்டினார்கள். இன்றும் உலகமெங்கும் இத்துறை மாணவர்கள் அம்முறையை ‘ராம்-லாக்’ என்று இருவர் பெயரையும் சுருக்கி வழங்குகிறார்கள். 1979-ல் நோபெல் பரிசு ஹவுன்ஸ்பீல்டுக்கும் கார்மக்குக்கும் சென்றது. இருவரும் தகுதியுடையவர்களே, அதைப் பற்றி நாம் முறையிடவில்லை. ஆனால் நம்மூர் மருத்துவ மாணவர்களில் எத்தனை பேர் ராம்-லாக் என்பதில் இருக்கும் ராம் யார் என்று அறிவார்கள்?

இனி, படிப்பது. மூளைப் படத்தில் பார்ப்பவரின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். முதற் பாடம் அதுவே. எலும்பு வெள்ளை, மூளைக்குள் இருக்கும் நீர் கறுப்பு, மூளை இடையே பல வகைச் சாம்பல். புதிதாகக் கசிந்த ரத்தம் சி.டி. படத்தில் உடனே வெள்ளையாகத் தெரியும். ஆனால் ரத்தக்குழாய் அடைபட்டு உண்டான பக்கவாதம் முதல் சில மணி நேரத்தில் ஒன்றுமே தெரியாதது போல் இருக்கக்கூடும். ‘படம் சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்லி அத்தகைய நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் அது கொலைக்குச் சமானம். மறுபுறத்தில், யாதொரு நோயுமில்லாத நூறு பேரை எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் படுக்க வைத்தால் இரண்டு மூன்று பேர் மூளையிலாவது ஏதேனும் ஒரு மாறுபாடு அகப்படும். பெரும்பாலும் அதனால் அவர்களுக்கு ஒரு கெடுதியும் இராது. முதியவர்களின் மூளையில் காணும் சிறு வெண் புள்ளிகளைச் சொல்லவே வேண்டாம். மாறுபாடு வேறு, நோய் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல, படத்தை மட்டும் அல்லாமல் அதற்குரிய மனிதனையும் பார்த்திருக்க வேண்டும். பட்டுக்கடையில் நாம் மணிக்கணக்காகப் புரட்டியும் காணாத இழைப் பழுதை, நெய்தவர் விரலை ஓட்டியே கண்டுபிடிக்கிறார். எது பழுது, எது கோர்வையின் இயல்பு என்பதும் அவருக்குத் தெரியும்.

வேலூர்க் கதைக்கு வருவோம். மாண்ட்ரீல் நகரில் பென்பீல்டு என்ற பேராசிரியரிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார். சி.டி. யந்திரங்கள் நம் நாட்டில் பரவிய 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில், வலிப்புடன் வருவோர் பலரது படத்தில் மேலே நாம் சொன்ன அந்தச் சிறிய வளையம் அடிக்கடி காணப்பட்டது. மேல்நாட்டுப் பாடப் புஸ்தகங்களில் இதற்கு நேரான விடை கிடையாது. க்ஷயம் மலிந்த தேசம் இது. ஆகவே க்ஷயக் கட்டியாகத்தான் இருக்கும் என்று வைத்தியர்கள் பலர் முடிவு செய்தனர். மாதக்கணக்காக க்ஷய மருந்து கொடுக்கப்பட்டது. சில மாதம் கழித்து மறுபடியும் படமெடுத்தால் வளையம் மறைந்திருந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் மகிழ்ந்தனர்.

இங்கேதான் சிலர் நின்று யோசித்தார்கள். அம்மருந்தைத் தொடாதவர்களுக்கும் வளையம் மறைவதை இந்திய வைத்தியர்கள் கவனித்து எழுதலானார்கள். க்ஷயக் கட்டி தானே கரையுமா? வேலூரில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய நிபுணர்கள், ஊகத்தை ஊகத்தால் எதிர்க்காமல், அந்த வளையம் இருந்த இடத்துத் திசுவையே அறுவை செய்து எடுத்து பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே பலரிடம் கண்டது க்ஷயமன்று. நாடாப்புழுவின் இளங்கூடு செத்துக் கரையும்போது அதைச் சுற்றி உடல் எழுப்பிய வீக்கம். இம்முடிவு 1989-ல் லண்டன் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளிவந்தது. புழு செத்து விட்டதனாலேயே வளையம் தானாகக் கரைந்தது. மருந்துக்குக் கிடைத்த புகழ், உண்மையில் காலத்துக்குச் சேர வேண்டிய புகழ்.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இல்லாத க்ஷயத்துக்காக எத்தனை பேர் மாதக்கணக்கில் மருந்து தின்றிருப்பார்கள்! க்ஷய மருந்து லேசானதன்று. சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். க்ஷயம் என்ற பெயரே வீட்டைக் குலைக்கும். யந்திரம் பொய் சொல்லவில்லை. படமும் தெளிவாகவே இருந்தது. படித்த கண் பிறர் எழுதிய அகராதியை வைத்துக்கொண்டு படித்தது, அவ்வளவுதான்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. எல்லோருக்கும் மண்டையைத் திறந்து பார்க்க முடியாதாகையால், திறக்காமலே தீர்மானிக்கும் விதிகளை வகுத்து, அவற்றைச் சோதித்து, 1997-ல் வெளியிட்டார்கள். வளையம் ஒன்றாகவும் 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். சுற்றியுள்ள வீக்கம் மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும்படி இருக்கலாகாது. நோயாளிக்கு வலிப்பு இருக்கலாம்; ஆனால் தலைக்குள் அழுத்தம் மிகுந்த குறியோ, நாளுக்கு நாள் வளரும் பலவீனமோ, உடம்பில் வேறிடத்தில் க்ஷயமோ இருக்கலாகாது. இவ்விதிகளில் பாதி படத்தைப் பற்றியவை. பாதி நோயாளியைப் பற்றியவை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் வளையத்துக்குள்ளே ஒரு புள்ளி, அதாவது புழுவின் தலை, தெரிந்து விட்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இதற்காக வளையமெல்லாம் புழு என்று சொல்லிவிடவும் கூடாது. மூளையில் க்ஷயக் கட்டி நம் நாட்டில் உண்மையாகவே உண்டு. அதைப் புழுவென்று விட்டுவிட்டால் ஆள் பிழைப்பது அரிது.

திருப்பருத்திக்குன்றத்தின் பெயரை நாம் எடுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. புலால் மறுத்தலைப் பரம்பரையாகக் காத்து வரும் சமண மரபின் ஊர் அது. அவ்வூரிலோ அதைப் போன்ற சைவ உணவுக்காரர் வீட்டிலோ ஒருவரிடம் ‘உன் மூளையில் நாடாப்புழு’ என்று சொன்னால், அவர் அதை அவமதிப்பாகவே எண்ணுவார். பன்றி மாமிசத்தோடு சேர்த்துப் பேசப்படும் புழு அல்லவா? உண்மை வேறு விதமானது. சரியாக வேகாத பன்றி மாமிசம் தின்றவன் குடலில் நாடாப்புழு வளரும். அவன் மலத்தோடு வெளிவரும் முட்டை மண்ணிலும், நீரிலும், கழுவாத கையிலும், பச்சையாக உண்ணும் காய்கறியிலும் ஒட்டி மற்றொருவன் வாய்க்குள் போகிறது. மூளைக்குச் செல்வது அந்த முட்டையிலிருந்து வந்தது. ஆயுளில் மாமிசத்தைத் தொடாதவனுக்கும் இது வரும், வருகிறது. அவன் உண்டது அயலான் செய்த அசுத்தம். இதில் ஜாதி ஆசாரம் ஒருவரையும் காப்பாற்றாது. வேலூர் வட்டாரத்தில் கிராமமும் நகரமுமாக ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2006-ல் வெளியான ஆராய்ச்சியில், ஆயிரத்துக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழுவே என்று கண்டார்கள். கக்கூஸும் நல்ல தண்ணீரும் இருந்தால் வந்திராத வலிப்பு இது. மூளைப் படத்தைச் சரியாகப் படித்தவர்கள் கடைசியில் ஊர்ச் சாக்கடையில் வந்து நின்றார்கள் என்று நாம் சொன்னால் அது மிகையன்று.

வலிப்பு நோயை நம் சமூகமும் சட்டமும் நடத்திய விதம் வெட்கத்துக்குரியது. ஹிந்து விவாகச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருபவர் விவாகத்துக்குத் தகுதியற்றவர் என்னும்படியான வாசகம் 1999 வரை இருந்தது. அவ்வருஷத்துத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. சட்டப் புஸ்தகத்திலிருந்து நீங்கியது தெருவிலிருந்து நீங்கியதா? பெண்ணுக்கு ஒரு முறை வலிப்பு வந்ததென்று தெரிந்தால் சம்பந்தம் நின்று விடுகிறது. சிறு வளையம் ஒன்று சில மாதங்களில் கரைந்து போகலாம். சிலருக்குச் சுண்ணாம்புப் புள்ளியாக நின்று மீண்டும் வலிப்பைத் தரவும் கூடும். இவ்விரண்டில் எது என்பதை அறிய மறுபடமும், பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். அதை விளங்கச் சொல்லும் ஒரு வைத்தியர் இருந்தால் ஒரு குடும்பத்தின் வாழ்வு பிழைக்கிறது.

இப்பொழுது புதிய வேகம் ஒன்று வந்திருக்கிறது. படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் என்கிறார்கள். நாம் இதை வெறுப்பவர்கள் அல்லர். மும்பை நிறுவனம் ஒன்று, இந்தியாவிலேயே எடுத்த 3 லட்சத்துக்கு மேற்பட்ட தலைப் படங்களைக் கொண்டு இவ்வித்தையை உண்டாக்கிச் சோதித்து, 2018-ல் அதே லான்செட்டில் வெளியிட்டது பெருமைக்குரியது. தலைக்குள் ரத்தக் கசிவு, எலும்பு முறிவு, நடுக்கோடு விலகல் இவற்றை அது கண்டு சொல்கிறது. நள்ளிரவில் விபத்தில் அடிபட்டு வருபவனுக்கு இது பேருதவி. ஆனால் அச்சோதனையில் அதனிடம் கேட்ட கேள்விகள் அவ்வளவே. நம் வளையம் அக்கேள்விகளில் இல்லை. கணினி, கற்பித்ததைத்தான் படிக்கும். வலிப்பு முதலில் எந்தக் கையில் தொடங்கியது, வீட்டில் யாருக்கேனும் க்ஷயம் உண்டா என்றெல்லாம் அது விசாரித்தறியாது.

அளவுகோலே அந்நியமானது என்பதையும் சொல்ல வேண்டும். மூளைப் படங்களை ஒப்பிடுவதற்கு உலகம் நெடுங்காலம் கையாண்டு வந்த மாதிரி, ஜேக்கப் சாண்டி பயின்ற அதே மாண்ட்ரீல் நிலையத்திலிருந்து வந்தது. மேல்நாட்டார் மூளைகளைக் கொண்டு அமைத்தது. ஐதராபாத் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் 2019-ல் இந்திய ஆண்கள் 50, பெண்கள் 50 பேரின் படங்களைக் கொண்டு நம் நாட்டு மாதிரி ஒன்றை வெளியிட்டபோது, நம் மூளை உயரத்திலும் அகலத்திலும் கன அளவிலும் சற்றுச் சிறிதென்று கண்டார்கள். அதைக் கேட்டுச் சிலர் நாணினார்களாம்! தலைப்பாகை அளவு சிறியதானால் புத்தி சிறிதாகுமா? அந்நிய அளவை வைத்து நம் முதியவரின் மூளை சுருங்கிவிட்டதென்று எழுதிவிடும் அபாயமே இங்கே கவலைக்குரியது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி நிலையம் 2024 டிசம்பரில் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 நுண்துண்டுகளாகப் படமெடுத்து ‘தரணி’ என்ற பெயரில் உலகுக்குத் திறந்து வைத்ததும் இவ்வழியில் ஒரு நல்ல அடி.

சுதேசி என்றதும் யந்திரத்தை உடைக்கச் சொல்வதாக எண்ணுவோர் இன்னும் உண்டு. காஞ்சிப் பட்டின் நூல் கன்னட நாட்டிலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. சேலையை உலகம் காஞ்சிபுரம் என்றே அழைக்கிறது. யந்திரம் எந்த நாட்டிலிருந்தேனும் வரட்டும். அதன் படத்தைப் படிக்கும் கண்ணும், அதற்குரிய அனுபவமும் நம்முடையனவாக இருக்க வேண்டும் என்பதே நம் கட்சி.

சர்க்காரை நாம் கேட்பது அதிகமன்று. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலமாக அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கும் ஸ்கேன் கிட்டும்படி செய்திருப்பது உண்மையான உபகாரம். இந்தியாவின் பல மாகாணங்களில் இது இல்லை. ஆனால் யந்திரத்தைத் திறந்து வைக்க மந்திரிகள் வருகிறார்கள், மாலை விழுகிறது, பத்திரிகையில் படம் வருகிறது. படம் படிக்கும் வைத்தியரின் காலியான ஸ்தானத்தை நிரப்புவதற்கு எவரும் ரிப்பன் வெட்டுவதில்லை. எடுக்கும் ஊர் ஒன்று, கம்பியில்லா வழியாகப் படிக்கும் ஊர் மற்றொன்று என்ற ஏற்பாடு வளர்ந்து வருகிறது. ஆள் பற்றாத காலத்தில் அதைக் குறை கூறோம். ஆயினும் படத்தோடு போகும் சீட்டில் ‘வலிப்பு’ என்ற ஒரே சொல் இருந்தால், தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் என் செய்வார்? வயது, காய்ச்சல், எந்தப் பக்கத்தில் தொடங்கியது, எத்தனை நாளாயிற்று, முன் எடுத்த படம் என்ன சொன்னது என்ற ஐந்து விவரங்களை எழுதாமல் எந்தப் படமும் அனுப்பலாகாதென்று ஓர் உத்தரவு போட ஒரு காசும் செலவாகாது. முதுநிலை மாணவர்களுக்கு வேலூரில் வகுத்த விதிகளை ஓர் அடிக்குறிப்பாக அல்லாமல் முதற்பாடமாகவே கற்பிக்க வேண்டும்.

இன்னொன்று. நாலு வரி ஆங்கிலத்தோடு கூடவே நாலு வரி தமிழும் நோயாளிக்குத் தரப்பட வேண்டும். வைத்தியருக்கு வைத்தியர் எழுதும் சாஸ்திர பாஷை அப்படியே இருக்கட்டும். அதன்கீழ், என்ன தெரிகிறது, எது நிச்சயம், எது இன்னும் சந்தேகம், மறுபடி எப்பொழுது படமெடுக்க வேண்டும் என்று எழுதுவதற்குத் தமிழில் சொல்லில்லையென்று எவரும் சொல்ல முன்வர மாட்டார். ஊர்தோறும் தொண்டு செய்யும் அன்பர்கள் இதைத் தங்கள் பகுதி ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழுவிலும் சட்டசபை அங்கத்தினரிடமும் கேட்கத் தொடங்கட்டும். காஞ்சியிலிருந்தே தொடங்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தத் தகப்பனாருக்கு, மகன் எவ்வளவு நாள் மருந்து சாப்பிட வேண்டும், அதுவரை தறிக்குழியில் தனியாக உட்காரலாமா, சாயப் பட்டறை அடுப்பண்டை போகலாமா என்பவை தெரிய வேண்டும். இன்று அவர் கையிலிருக்கும் காகிதத்தில் அவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை.